மீதி அலமாரியில் இருக்கிறது

நான் புத்தக விமர்சகி ஆனது கை தவறி நடந்த காரியம். மலையாள நாட்டில், ஆரியசாலை பஜாரில், மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் எனக்கு வேலை. காலை ஒன்பதரை மணிக்கு அன்றைய விலையை வாயால் சொல்லிப் பதிவு செய்து, எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எழுதி அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை. ஒருவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, இன்னொருவருக்கு மலையாள எழுத்து தெரியாது, மற்றவருக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாது. அதனால் எங்கள் கடையில் எல்லாம் குரல்தான்.

ஒரு நாள் விலைக்குப் பதிலாக வேறொரு பதிவை அனுப்பிவிட்டேன். திருநெல்வேலியில் இருக்கும் என் தங்கைக்காக முந்தின நாள் மத்தியானம் பேசி வைத்திருந்தது அது. ஒரு நாவலின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி, அதில் வரும் புருஷனை மூச்சு விடாமல் திட்டியிருந்தேன். அரை மணி நேரம் கழித்து முதலாளி என் மேஜைக்கு வந்தார்.

"இது மளிகைக் கடையா, கதாப்பிரசங்க மேடையா?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு விலையை அனுப்பினேன். அதற்குள் வித்துராவிலிருந்து எங்கள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் போன் செய்துவிட்டார். பொன்முடி போகிற வழியில் கடை வைத்திருப்பவர், பேரம் பேசினால் லேசில் விடமாட்டார். அன்றைக்கு வத்தல் விலையை அவர் கேட்கவே இல்லை. "அந்த ஆளு மோசம்தான், கேட்டோ. நீங்க ஏசினது போதாது. அடுத்த புக்கு எப்போ?" என்றார்.

அப்படித்தான் சானல் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு புத்தகம். மற்றவர்களுடைய சானல்களையும் பார்த்தேன். பின்னால் அழகான புத்தக அலமாரி, மஞ்சள் விளக்கு, பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை. எனக்குப் பின்னால் மிளகாய் மூட்டைதான் இருந்தது. முதல் பத்துப் பதிவுகளில் எப்படியும் நாலைந்து தும்மல் கேட்கும். அதை வெட்டி எடுக்க எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

கதையை நான் முழுசாகச் சொல்வேன். அது என் சுபாவம். பாதியில் நிறுத்திவிட்டு 'மீதியைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எவர் செத்தார், எவர் பிழைத்தார், எவர் யாரைக் கட்டிக்கொண்டார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று தீர்ப்பும் சொல்லிவிடுவேன். கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சென்னையிலிருந்து ஒருவர், "நீங்கள் பேசுவது தமிழா மலையாளமா?" என்று கீழே எழுதினார். "ரெண்டும்தான். உங்களுக்கு ஒன்றே போதுமென்றால் வேறு சானல் பாருங்கள்" என்று பதில் போட்டேன். புதிதாக எழுதுகிறவர்கள் தபாலில் புத்தகம் அனுப்பி, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்டார்கள். பிடித்தால் போட்டேன், பிடிக்காவிட்டால் போடவில்லை. நான் பேசியதால் தன் புத்தகம் இரண்டாம் பதிப்பு போனதாக ஒருவர் எழுதியிருந்தார். அது எவ்வளவு தூரம் நிஜம் என்று தெரியாது. ஆனால் அந்தச் செய்தியை இன்று வரை நான் அழிக்கவில்லை.

நான் பேசிய புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வந்தவை. கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கிரந்தசாலை இருக்கிறது. இந்த ஊரில் நூலகத்தை அப்படித்தான் சொல்வார்கள். மாடியில், படிக்கட்டு ஏறியவுடன், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு இரும்பு அலமாரி. அது முழுக்கத் தமிழ். எந்தக் காலத்திலோ சாலை பஜார் தமிழ் வியாபாரிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது பஸ் போர்டு படிக்கக்கூட எனக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் பேசுவது பாதிதான் புரியும். புரிந்த பாதிக்கும் பதில் சொல்ல வாய் வராது. அந்த அலமாரியைக் கண்டுபிடித்த அன்று அதன் முன்னால் நின்று நான் அழுதேன். அது இல்லாவிட்டால் அந்த முதல் இரண்டு வருஷத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை புத்தகம் திருப்பப் போனபோது நூலகர் என்னை உட்காரச் சொன்னார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், மலையாளி. என்னோடு பழகிப் பழகித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர்.

"சேச்சி, ஒரு காரியம் சொல்லணும். தேஷ்யப்படக்கூடாது."

கோபப்படாதே என்று யாராவது முன்கூட்டியே சொன்னால் எனக்கு அப்போதே கோபம் வந்துவிடும். என்னவென்று கேட்டேன். தமிழ் அலமாரியை எடுத்துவிடக் கமிட்டி யோசிக்கிறதாம். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அலமாரி நிற்கிற இடத்தில் ஒரு மேஜை போட்டால் ஆறு பேர் உட்காரலாம். தமிழ்ப் புத்தகங்களை யாரும் எடுப்பதில்லை. ஓணத்துக்கு முன்னால் புத்தகங்களை எண்ணிச் சரிபார்க்கிற ஸ்டாக் எடுப்புக்குள் அந்த அலமாரியிலிருந்து புத்தகங்கள் ஒழுங்காக வெளியே போய் வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் மூட்டை கட்டி மொட்டை மாடி அறையில் போட்டுவிடுவார்கள். அந்த அறை ஒழுகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"யாரும் எடுக்கலையா? என் சானலை எவ்வளவு பேர் கேக்காங்க தெரியுமா?" என்றேன். போனை எடுத்து எண்ணிக்கையைக் காட்டினேன்.  அவர் எழுந்து போய், நான் பேசிய புத்தகங்களாகப் பார்த்து எட்டு பத்து எடுத்து வந்து, ஒவ்வொன்றின் கடைசி அட்டையையும் திறந்து வைத்தார். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி முத்திரை குத்துவார்கள். ஒவ்வொரு சீட்டிலும் கடைசி முத்திரை நான் எடுத்த தேதி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரு புத்தகத்தில் கூட இல்லை.

எனக்கு முகம் சுட்டது. ஊரெல்லாம் என் குரலைக் கேட்கிறது என்று நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். அந்தச் சீட்டுகளைப் பார்த்தால் நான் ஒருத்திதான் இந்த ஊரிலேயே தமிழ் படிக்கிறவள் என்று தோன்றும்.

திங்கட்கிழமை, எங்கள் கிடங்கில் மிளகாய் தரம் பிரிக்கிற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷன் கட்டட வேலைக்கு வந்தபோது கூட வந்தவள், பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறாள். வேலை செய்யும்போது காதில் என் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். நான் சொன்ன கதைகளை மற்ற பெண்களுக்குத் திருப்பிச் சொல்வாள். நான் திட்டிய இடத்தில் அதே வார்த்தையில் திட்டுவாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

"நீயாவது அந்த அலமாரியில ஒரு புக்கு எடுத்திருக்கலாம்லா?" என்றேன்.

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "எதுக்குக்கா? நான்தான் எல்லாத்தையும் படிச்சிட்டேனே. முப்பது நாவலு படிச்சிருக்கேன். அதான் நீங்க முழுசாச் சொல்லிட்டீயளே."

அவள் கேலி செய்யவில்லை. படித்துவிட்டேன் என்றுதான் நம்பினாள். வித்துராக்காரருக்குப் போன் செய்தேன், அவரும் அதையே சொன்னார். கேட்டதும் படித்ததும் ஒன்றுதானே என்றார். அந்த அலமாரியை நானே என் வாயால் காலி செய்துகொண்டிருந்தேன். புத்தகத்துக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் முப்பது புத்தகங்களைச் சக்கையாக்கிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை, என்மேல் வந்ததே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாவலை எடுத்துக்கொண்டேன். இட்லிக் கடை நடத்துகிற ஒரு விதவை. அவள் தம்பி மனைவி வீட்டுக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறாள். அந்தத் தம்பி மனைவியை மகா சுயநலக்காரி என்று நன்றாகத் திட்டினேன். விதவை அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவில் இறங்குகிற இடம் வந்தது. அங்கே நிறுத்தினேன். நாக்கு நுனியில் மீதிக் கதை நின்றது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "மீதி அலமாரியில் இருக்கிறது." கிரந்தசாலைக்கு வழி, திறக்கிற நேரம், எந்தத் தட்டில் எத்தனையாவது புத்தகம் என்பதையும் சொன்னேன்.

கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. "அக்காவுக்குத் தலைக்கனம்." "நூலகக்காரங்க காசு கொடுத்தாங்களா?" வெளியூரில் இருக்கிறவர்கள் நாங்கள் எங்கே போவோம் என்று கேட்டார்கள், அது நியாயம்தான். உங்கள் ஊர் நூலகத்தில் போய்க் கேளுங்கள், கேட்டால்தான் வாங்குவார்கள் என்று எழுதினேன். யாரோ ஒரு புண்ணியவான் முடிவைக் கீழே போட்டுவிட்டார். நீக்கினேன். மறுபடியும் போட்டார், மறுபடியும் நீக்கினேன். அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்டதைவிட நீக்கியது அதிகம். கேட்பவர்கள் குறைந்தார்கள், எண்ணிக்கை கண்ணெதிரே இறங்கியது. முதலாளி கூட ஒரு நாள் மேஜைக்கு வந்து, யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, "அந்தப் பொம்பளைக்குக் கடை திரும்பிக் கிடைச்சுதா?" என்றார். "கிரந்தசாலை அஞ்சு மணி வரை உண்டு சார்" என்றேன்.

பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கு இன்னொரு தடங்கல் இருந்தது. இந்த ஊர் முகவரிக்குச் சான்று இல்லாதவர்களுக்கு ஒரு பழைய உறுப்பினர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர், பழவங்காடியில் பூக்கட்டுகிற அம்மா, செக்யூரிட்டி வேலை பார்க்கிற இரண்டு பேர், எங்கள் கிடங்குப் பெண்கள் என்று எல்லோருடைய ரேஷன் கார்டும் தமிழ்நாட்டில் இருந்தது. சாப்பாட்டு வேளையில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் போய் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டேன். "ஒரு புக்கு வரலைன்னாலும் உன் தலையில்தான்" என்றார் என் கணவர். தெரியும் என்றேன்.

கிடங்குப் பெண் கோபத்தோடுதான் வந்தாள். "பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் எங்கிருந்துக்கா வந்துச்சு?" என்று கேட்டபடி இட்லிக் கடை நாவலை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், நல்ல நாளென்றால் மூன்று. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து தவணை நீட்டிக்கொண்டு போவாள். நடுவில் ஒரு நாள் மிளகாய்க் காந்தலோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து, முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். நான் சொன்ன பாதிக் கதையைக் கூட அவள் மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டாக் எடுப்பு நாள் வந்தது. கமிட்டிச் செயலாளர் வந்திருந்தார், அரசு உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை, கணக்காக இருப்பவர். தமிழ்ப் புத்தகங்கள் வெளியே போனதை நூலகர் பதிவேட்டில் காட்டினார். அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "எடுத்தது சரி. வாசிச்சாங்களா? எல்லாம் உங்க ஜாமீன், உங்க ஆட்கள். உங்களுக்காக எடுத்து வீட்டில வச்சிருப்பாங்க" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். இன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு எல்லாப் புத்தகமும் அலமாரியில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், பார்த்துக்கொள்ள ஆளில்லாத அலமாரி என்று எழுதி எடுத்துவிடுவார்.

எடுத்தவர்களுக்கெல்லாம் போன் செய்து புத்தகங்களை வரவழைத்து, நாலு மணிக்கு எண்ணினோம். ஒன்று குறைந்தது. எதுவென்று பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

ஆட்டோ பிடித்துக் கிடங்குக்குப் போனேன். அவள் மூட்டை மேல் உட்கார்ந்து வரிக்குக் கீழே விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் பதினோரு பக்கம்" என்றாள். நிமிரவில்லை.

"அலமாரியே போயிரும். குடு. முடிவை நான் ஆட்டோவில வச்சுச் சொல்லிருதேன், அஞ்சு நிமிஷத்துல" என்று கையை நீட்டினேன்.

அவள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீய. ஒரு வார்த்தை சொன்னாலும் நான் வரமாட்டேன்."

சொல்வதற்கு நான் வாயைத் திறந்துவிட்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவள் கையிலிருந்து பிடுங்கவும் என்னால் முடிந்திருக்கும். பிடுங்கினால் அலமாரி நிற்கும். அப்புறம் அது யாருக்காக நிற்கும்? வாயை மூடிக்கொண்டு, "படிச்சுக்கிட்டே வா" என்றேன். ஆட்டோவில் அவள் படித்தாள். ரோட்டில் குழி வந்தபோதெல்லாம் விரல் வரி மாறியது. மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். நான் ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். மணி நாலரை தாண்டியிருந்தது.

கிரந்தசாலைப் படிக்கட்டில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் அலமாரிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டாள். உதடு அசைய வாசித்தாள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஆயிற்று. "புஸ்தகம் அலமாரியில இருக்கணும்னு சொன்னேன்" என்றார்.

"வாசிச்சுக் கழியட்டும் சாரே" என்றார் நூலகர்.

 எதையும் சமாளித்துச் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். செயலாளர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். பக்கம் திரும்பும்போதெல்லாம் அவரும் பார்த்தார். ஐந்தேகால் ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. நூலகர் விளக்கைப் போட்டார். செயலாளர் ஒரு முறை என் பக்கம் சாய்ந்து, "கதை எந்தா?" என்று மெதுவாகக் கேட்டார். "படிக்கிறவங்க இருக்காங்க சார், முடிச்சதும் அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன்.

கடைசிப் பக்கத்தை அவள் இரண்டு முறை படித்தாள். எழுந்து, முந்தானையால் அட்டையைத் துடைத்து, மேல்தட்டில் காலியாக இருந்த இடத்தில் புத்தகத்தைச் செருகினாள். செயலாளர் பதிவேட்டைப் பிரித்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்த நூலகர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அலமாரி அங்கேயே இருக்கும், மேஜை போடக் கீழ்த்தளத்தில் வேறு இடம் பார்ப்பார்கள். 

"கொள்ளாமோ? நல்ல கதையா?" என்று செயலாளர் அவளிடம் கேட்டார்.

அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினாள். "அந்தத் தம்பி பொண்டாட்டிய சுயநலக்காரின்னு சொன்னீயள்லா. அவ சுயநலக்காரி இல்லக்கா. பயந்தவ. நாளைக்கு நம்மளத் தெருவுல விட்டுருவாவளோன்னு பயந்து பயந்துதான் அவ்வளவும் செய்யுதா. கடைசியில அவ அழுத இடத்தை நீங்க சரியாப் படிக்கல."

நான் படித்திருந்தேன். நடிப்பு என்று நினைத்து இரண்டே வரியில் தாண்டிப் போயிருந்தேன்.

"நீங்க பாதியில நிறுத்துனது நல்லதாப் போச்சு" என்றாள் அவள். "முழுசாச் சொல்லியிருந்தா நான் உங்களையே நம்பியிருப்பேன்."